ஊருக்கொரு பெயர், ஒரே சரக்கு: அனெக்சின் பிறந்த கதை

கொச்சியின் மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் தெருமுனையில் நின்றால் மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசம் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். மிளகுக்கான முன்பேர வணிகம் 1957-இல் இங்கே தொடங்கியது. மிளகுக்கு இந்தத் தெரு அறிந்த பெயர்கள் பல. மலையாளிக்கு அது குருமுளகு; குஜராத்தி வணிகருக்கு மரி; 1568-இல் எழுந்த ஜெப ஆலயத்தில் தொழுதவர்களின் எபிரேயத்தில் பில்பெல்; கப்பலில் வந்த போர்த்துகீசியருக்குப் பிமென்டா; நமக்கு மிளகு. ஆனாலும் சாக்கைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தவர் யாருக்கும் ஒரே சரக்கு என்பதில் ஐயம் எழுந்ததில்லை.

நம் உடலில் இருக்கும் ஒரு புரதக் குடும்பத்துக்கும் ஒரு காலத்தில் இப்படி ஊருக்கொரு பெயர் இருந்தது. புரதத்தைக் கையில் அள்ளிப் பார்க்க முடியாது. அதனால் எல்லாம் ஒரே குடும்பம் என்று தெரியவும் ஒரு பெயர் நிலைக்கவும் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

முதல் பெயர் 1978-இல் வந்தது. அமெரிக்காவின் பெதஸ்டாவில் க்ரூட்ஸ், பசோலெஸ், பொலார்ட் மூவரும் மாட்டின் அட்ரினல் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அட்ரினலின் நிரம்பிய நுண்பைகளை, கால்சியம் இருக்கும்போது, ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒரு புரதம் அவர்களுக்குக் கிடைத்தது. அதற்கு 'சினெக்சின்' என்று பெயர் வைத்தார்கள்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ராட் ஃப்ளவருக்கு வேறொரு கேள்வி: ஸ்டீராய்டு மருந்து அழற்சியை எப்படி அடக்குகிறது? மருந்து பட்ட உயிரணுக்கள் ஒரு புரதத்தை வெளிவிடுவதைக் கண்டு 'மாக்ரோகார்ட்டின்' என்றார். வேறு ஆய்வகங்களில் அதுவே 'லிப்போமாடுலின்', 'ரீனோகார்ட்டின்' ஆனது. பிறகு இவர்கள் கூடிப் பேசி 'லிப்போகார்ட்டின்' என்று ஒப்புக்கொண்டார்கள். கோழிகளுக்குப் புற்று உண்டாக்கும் வைரஸை ஆராய்ந்தவர்களிடம் 'பி-36' என்ற புரதம் இருந்தது. 1985-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் ராய்ட்டெலிங்ஸ்பெர்கரும் தோழர்களும் தொப்புள்கொடியின் ரத்தக்குழாயிலிருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். அதே புரதம் குருத்தெலும்பில் தேடியவர்களுக்கு 'ஆங்கரின்', ஜப்பானில் 'கால்ஃபோபைண்டின்'.

மரபணுக்களைப் படிக்கத் தொடங்கியபோதுதான் முகஜாடை தெரிந்தது. 1986-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒவ்வொரு புரதத்தின் வரிசையும் எழுதப்பட்டது. எழுபது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, ஏறக்குறைய அதே வடிவில், நான்கு முறை திரும்பத் திரும்ப வந்தது. ஒரு புரதத்தில் மட்டும் எட்டு முறை. சுரப்பியிலும் தொப்புள்கொடியிலும் கோழிப் புற்றிலும் கிடைத்தவை ஒரு வீட்டுப் பிள்ளைகள்! எல்லாம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உயிரணுச் சவ்வோடு பிணைபவை. அந்தப் பிணைப்பையே பெயராக்கி 'அனெக்சின்' என்ற சொல்லை மைக்கேல் கைசோ முன்வைத்தார். 1990-இல் க்ரம்ப்டனும் டெட்மனும் 'நேச்சர்' இதழில் இந்தப் பெயர்ச்சிக்கலை எடுத்துரைத்து, அந்த ஒரு பெயரை நிலைநிறுத்தினார்கள். அதே ஆண்டில் ராபர்ட் ஹூபரின் குழு தொப்புள்கொடிப் புரதமான அனெக்சின் ஐந்தின் உருவத்தைக் கண்டது. லேசாக வளைந்த தட்டுப் போன்ற அமைப்பு. அதன் குவிந்த முகத்தில் கால்சியம் உட்காரும் இடங்கள். உயிரணுவில் கால்சியம் ஏறினால் சவ்வில் ஒட்டும்; இறங்கினால் விலகும்.

பெயர் ஒன்றானதால் என்ன விளைந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஸ்டீராய்டு தூண்டும் புரதம் அனெக்சின் ஏ1 ஆயிற்று. அழற்சி தணியும் வழியை அது காட்டியது. தொப்புள்கொடிப் புரதம் அனெக்சின் ஏ5. சாகப்போகும் உயிரணு, உள்பக்கம் வைத்திருக்கும் ஒரு கொழுப்பை வெளிப்பக்கம் திருப்பும். ஏ5 அதைத் தேடிப் பிடித்து ஒட்டும். 1994 முதல் அதற்கு ஒளிரும் சாயம் ஏற்றி, செத்துக்கொண்டிருக்கும் அணுக்களை எண்ணுகிறார்கள். இன்று உலகமெங்கும் புற்றுநோய் ஆய்வகங்களின் அன்றாட வேலை இது.

கோழிப் புற்றின் பி-36 அனெக்சின் ஏ2 ஆனது. ரத்தக்குழாயின் உட்சுவரில் உறைவைக் கரைக்கும் வேலைக்குத் துணை நிற்பதும் அதுவே என்று நியூயார்க்கில் கேத்தரின் ஹஜ்ஜார் குழு கண்டது. ஏபிஎல் என்னும் ரத்தப் புற்றில் ஈறிலும் மூளையிலும்கூட ரத்தம் கசிந்து, மருந்து வேலை செய்யும் முன்பே உயிர் போய்விடுவதும் உண்டு. அந்தப் புற்றணுக்களின் மேல் ஏ2 அளவுக்கு மீறி இருந்து, உறைவை எல்லாம் கரைத்துத் தள்ளுகிறது என்று 1999-இல் தெரிந்தது. வைட்டமின் ஏ வழி வந்த மருந்து கொடுத்தபோது ஏ2 குறைந்தது.

இந்த நோயை நம் பக்கத்தில் வென்ற கதையும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் விக்ரம் மேத்யூஸும் தோழர்களும் 1998 முதல் 2004 வரை, புதிதாக ஏபிஎல் கண்ட 72 பேருக்கு ஆர்செனிக் டிரையாக்ஸைடு என்ற ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வெள்ளைப் பாஷாணம் என்று நம் சித்தர்கள் அறிந்த அதே பொருள். 86 விழுக்காட்டினருக்கு நோய் முற்றாக அடங்கியது. புற்றணு முதிர்ந்து மறைய, ரத்தப்போக்கும் நிற்கும். விலை உயர்ந்த சிகிச்சைக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்!

கோழியை ஆராய்ந்தவரும் ரத்தக்குழாயை ஆராய்ந்தவரும் தத்தம் பெயரோடே நின்றிருந்தால், ஏபிஎல் நோயாளியின் ஈறில் ரத்தம் கசியும் காரணம் தெரிய இன்னும் நாளாகியிருக்கும். மட்டாஞ்சேரியில் சாக்கைப் பிரித்த வணிகர் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள்: பெயரை விட்டுச் சரக்கைப் பார்த்தார்கள்.