மலிவான குளிர்கால நகரப் பயணம்: ஓர் ஐரோப்பிய வரலாறு

நண்பர் ஒருவருடன் குளிர்காலத்தில் இரண்டு மூன்று நாள்கள் அயல்நாட்டு நகரொன்றுக்குக் குறைந்த செலவில் சென்றுவரும் ஐரோப்பிய வழக்கம், விமானக் கட்டணங்களை அரசுகள் கட்டுப்படுத்தி வைத்திருந்த காலத்தில் நடுத்தர வருவாயினருக்கு எட்டாததாகவே இருந்தது. பிரிட்டனில், விமானப் பயணத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்து ஒரே விலையில் விற்கும் தொகுப்புச் சுற்றுலா, அதே தடத்தின் வழக்கமான விமானச் சீட்டைவிட மலிவாக இருக்கக் கூடாது என்றொரு விதி நிலவியது; நிலைபெற்ற விமான நிறுவனங்களைக் காக்க வகுக்கப்பட்ட அவ்விதி முதலில் குளிர்காலக் குறும்பயணங்களுக்கே தளர்த்தப்பட்டு, 1970களில் மறைந்தது. கோடையில் நிரம்பி வழிந்த இருக்கைகளும் விடுதி அறைகளும் பனிக்காலத்தில் வெறுமையாகக் கிடந்ததால், தளர்வு குளிர்காலத்தில் தொடங்கியதில் வியப்பில்லை.

1986இல் ரயன்ஏர் விமான நிறுவனம் டப்ளின்–லண்டன் தடத்தில் கட்டணப் போட்டியைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 1993 முதல் விமான நிறுவனங்கள் தம் கட்டணத்தைத் தாமே வகுத்துக்கொள்ள வழிவிட்டது. முகவர்களைத் தவிர்த்துத் தொலைபேசி வழியாகச் சீட்டு விற்ற ஈசிஜெட் விமான நிறுவனம், 1995 நவம்பரில் லூட்டன்–கிளாஸ்கோ பயணத்துக்கு ஒருவழிக்கு 29 பவுண்டு மட்டுமே கேட்டது. 2004 மே மாதம் போலந்து ஒன்றியத்தில் இணைந்தபின், கிராகோவ் போன்ற நகரங்களும் இத்தகைய பயணங்களின் எல்லைக்குள் வந்தன.

இவ்வரலாற்றில் நண்பரின் இடம் பாசத்தால் மட்டுமன்று, கணக்காலும் அமைந்தது என்றே கருத வேண்டும்: தொகுப்பு விலைகள் இருவர் ஓரறையைப் பகிர்வதாகக் கொண்டு வகுக்கப்பட்டமையால், தனியே சென்றவர் தனியறைக் கூடுதல் கட்டணம் எனும் சுமையை ஏற்க நேர்ந்தது.