கட்டை என்றொரு பெயர்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் 'திரௌபதியம்மன் கோயில்ல ராத்திரி கூத்து' என்றால் போதும், எல்லோருக்கும் விளங்கிவிடும். கூத்துக்கு முன்னால் ஓர் அடைமொழி தேவைப்பட்டது வெளியாருக்குத்தான்.

கூத்து பழைய சொல். தொல்காப்பியம் கூத்தரைப் பாணர், பொருநரோடு சேர்த்துச் சொல்கிறது. தில்லைச் சிவனுக்கே கூத்தன் என்று பெயர். அந்தச் சொல்தான் 'இதென்ன கூத்து' என்று கேலியாகவும், 'கூத்தாடி' என்று வசையாகவும் இறங்கிப்போனது. அதன் தலையில் படித்தவர்கள் 'தெரு'வையும் வைத்தார்கள். விடிய விடிய பாரதம் ஆடுகிறவருக்கு அது எப்படி இனிக்கும்? போதாததற்கு, கலைஞர்கள் வாயில் தெருக்கூத்து என்பது சாமி ஊர்வலத்தோடு தெருவில் நின்று நின்று ஆடுவது. ஓரிடத்தில் திரை பிடித்து இரவு முழுக்கக் கதை நடத்துவது வேறு; அது கட்டைக்கூத்து.

1990-இல் காஞ்சிபுரத்தில் கலைஞர்கள் சங்கம் அமைத்தபோது கட்டைக்கூத்து என்ற பெயரையே வைத்தார்கள். முன்னின்றவர் கூத்துக் குடும்பத்தில் பிறந்த பி. ராஜகோபால். நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயின் 1999-இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பிலும் அதுவே.

கட்டை என்பது மரத்தில் செய்த அணி. தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம். வண்ணம் பூசி, சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டு பதித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் ஏற, திரை விலகி துரியோதனன் சுழன்று கிறிக்கி போடும்போது அவ்வளவு கண்ணாடியும் சேர்ந்து மின்னும்.

ஆனால் எல்லோருக்கும் கட்டை கிடையாது. ராஜ வேஷக்காரருக்கும் வீரருக்கும்தான். கதையைத் தூக்கி நிறுத்தும் கட்டியங்காரனுக்கு இல்லை. சேலை கட்டிய திரௌபதிக்கும் இல்லை. அவள் கோயிலில் அவளுக்காக ஆடும் ஆட்டத்தின் பெயரிலேயே அவளுக்கு இடமில்லை என்பது எனக்கு உறுத்தல்தான். இருந்தும், 'தெரு'வைவிட இது மேல்: ஆடுகிறவர் உடம்பில் சுமப்பதிலிருந்து வந்த பெயர்.

தொலைக்காட்சிக்கு இதெல்லாம் பொருட்டில்லை. பண்டிகை நாளில் பத்து நிமிடம் காட்டினாலும் கீழே 'தெருக்கூத்து' என்றோ 'நாட்டுப்புறக் கலை' என்றோதான் எழுத்து ஓடுகிறது.

2002 முதல் 2020 வரை காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் அந்தக் கட்டைக்கூத்துச் சங்கம் ஒரு குருகுலம் நடத்தியது. பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றுத்தந்த அந்த இடத்தில் பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ராஜ வேஷம் ஆடினார்கள்.