தோப்பியும் பீரும்

பெங்களூர் இந்திரா நகரின் நூறடிச் சாலையிலும் ஒயிட்பீல்டிலும் இன்று பீர் ஆலையோடு கூடிய விடுதிகள் பல காணப்படுகின்றன. பெரிய கலங்களில் அங்கேயே காய்ச்சி, அங்கேயே புளிக்கவைத்து, அங்கேயே வார்த்துத் தருவது இவற்றின் முறை. 2010ஆம் ஆண்டை ஒட்டிக் கருநாடக அரசு இத்தகைய சிற்றாலைகட்கு உரிமம் வழங்கத் தலைப்பட்ட பின்னர் இவை பெருகின. புதிதாக வருவோர் முன் ஒரு பலகையில் நான்கைந்து சிறு கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைக்கின்றனர். ஒன்று கோதுமைப் பீர், கலங்கலாக இருக்கும், வாழைப்பழமும் கிராம்பும் கலந்தாற்போல் மணக்கும். மற்றொன்று கொத்துமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்த பெல்ஜிய வகை. இன்னொன்று கசப்பு மிகுந்தது. இறுதியில் இருப்பது கரிய ஸ்டௌட். வறுத்த காப்பிக்கொட்டையின் நினைவைத் தருவது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வாரத்து ஊதியத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு இவற்றைச் சுவைத்து, நிறம் இன்னது, மணம் இன்னது, கைப்பு இவ்வளவு என்று வகுத்துப் பேசக் கற்றுக்கொண்டிருக்கின்றனர்; அப்பேச்சு முழுவதும் ஆங்கிலத்திலேயே நிகழ்கிறது.

சங்க மலரில் இப்பொருள் எதற்கு என்று முகம் சுளிக்கும் பெரியோர் சற்றே பொறுத்தருள்க. குடியைப் போற்றுவதற்கு யாம் இதனை எழுதவில்லை. பீர் வெள்ளையர் கொணர்ந்த பண்டம், அதனைச் சுவைத்து வகைப்படுத்தும் கலையும் அவர்க்கே உரியது என்று நம் பிள்ளைகள் நம்புகின்றனர், பெற்றோரும் நம்புகின்றனர். நம் பழைய நூல்கள் அவ்வாறு கூறவில்லை.

முதலில் பீர் என்பது யாதெனத் தெளிவோம். பனையின் கள்ளும் திராட்சை மதுவும் எளியன. சாற்றிலேயே இனிப்பு உண்டு, அது தானே புளித்துவிடும். தானியத்தில் இருப்பதோ மாவு. அதனை முதலில் இனிப்பாக மாற்றவேண்டும். ஆகவே பார்லியை ஊறவைத்து முளைகட்டுகின்றனர். முளைவிடும் தானியத்தில் ஊறும் நொதிகளே மாவைச் சர்க்கரையாக்குகின்றன. அம்முளையை உலர்த்தி, நொறுக்கி, வெந்நீரில் கரைத்து வடித்த பின்னரே நுரைமத்திற்கு வேலை. சுருங்கச் சொன்னால், முளைகட்டிய தானியமே பீரின் உயிர்.

இனிப் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டுவோம். காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையன்மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய ஐந்நூறு அடிப் பாட்டு அது. பாணன் செல்லும் வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. அங்கே குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குகின்றனர். வாயகன்ற தட்டில் இட்டு ஆற்றுகின்றனர். பின்னர் புலவர் ‘அடை’ என்று குறிக்கும் ஒன்றை அதனோடு அளாவுகின்றனர். அதன் தோற்றத்திற்குப் புற்றாஞ்சோற்றை உவமை காட்டுகிறார் புலவர். அடை என்பதற்கு உரை தரும் பொருள் முளை என்பதே. இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து அரிக்கின்றனர். களி, ஆற்றுதல், முளை, சாடி, நாட்கணக்கு, அரிப்பு என ஒன்றன்பின் ஒன்றாக முறை பிறழாது வருகிறது. இந்திரா நகர் ஆலையில் பணியாற்றும் ஒருவர்க்கு இப்பகுதியைப் பொருள் கூறிப் படித்துக் காட்டினால், தம் தொழிலையே கேட்பதாக அவர் உணர்வார். வீட்டில் சமைக்கும் இத்தகைய நெற்கள்ளுக்குத் தோப்பி என்ற தனிப்பெயரையும் அதே பாட்டு வழங்குகிறது. பட்டினப்பாலையையும் இப்புலவரே பாடினார். அதில் காவிரிப்பூம்பட்டினத்தின் கள் விற்கும் வாயில்களில் கொடி பறக்கிறது, முன்றிலில் மீன் பொரியும் ஓசை கேட்கிறது. வடித்த குடிசையையும் விற்ற வீதியையும் ஒருவரே பாடிவிட்டார் என்பது நம் நற்பேறு.

சுவையை வகுத்துக் கூறும் சொற்களும் அக்காலத்தில் பஞ்சமில்லை. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி என்பன எல்லாம் ஒரே பொருளின் மறுபெயர்கள் என்று இன்று அகராதியைப் பார்த்துச் சொல்லிவிடுகிறோம். பிழிந்தது பிழி, அரித்தது அரியல், தெளிந்தது தேறல். செய்முறையே பெயராயிற்று. தேறலுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பூமணம் கமழ்வது ஒன்று. மூங்கிற் குழாயில் முற்றியது ஒன்று. நாட்பட்டுத் தேள் கொட்டினாற்போல் கடுப்பது ஒன்று. சினந்த பாம்பையே அதற்கு உவமையாக்குகிறது சிறுபாணாற்றுப்படை. நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டினைப் புறநானூறு அறியும். செருமானியர் குளிர்ந்த குகைகளில் நெடுநாள் வைத்து முதிரச்செய்த பீரே லாகர் எனப்பட்டது. அச்சொல்லுக்கு வைப்பிடம் என்பதே அடிப்பொருள். 1842இல் பொகீமியாவின் பில்சன் நகரில் பிறந்த பொன்னிற லாகரே இன்று உலகெங்கும் புட்டிகளில் அடைபட்டுச் செல்லும் பீரின் மூதாதை. நம்மவர் குகைக்கு மாறாக மண்ணைத் தேடினர். மற்றபடி கருத்து ஒன்றே.

பெங்களூருக்குப் பீர் வந்த வரலாறு படையோடு பிணைந்தது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின், 1809இல் ஆங்கிலேயர் சீரங்கப்பட்டினத்துப் படையை இங்கு மாற்றித் தண்டு அமைத்தனர். அப்படையைப் பின்தொடர்ந்தே அல்சூரிலும் சூழலிலும் தமிழ்க் குடும்பங்கள் வந்தேறின. இம்மலரைக் கையில் வைத்திருப்போருள் சிலர்க்கு அதுவே குடும்ப வரலாறு. வெள்ளைச் சிப்பாய்க்குப் பீர் கப்பலில் வந்தது. இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரப் பல திங்கள் ஆகும். கெடாதிருக்க ஹாப் என்னும் கொடியின் கைப்புப் பூவை மிகுதியாகச் சேர்த்தனர். இந்தியா பேல் ஏல் என்ற கசப்பு வகை இவ்வாணிபத்தில் வளர்ந்ததே. ஆனால் சிப்பாய்கள் குடித்தது பெரும்பாலும் கரிய போர்ட்டர். வெளிறிய ஏல் அதிகாரிகளின் மேசைக்கு உரியது. நம் நாட்டின் பெயரைச் சுமக்கும் அப்பீரை நம்மவர் அன்று சுவைத்திலர்.

பின்னர் உள்நாட்டிலேயே ஆலைகள் எழுந்தன. தென்னாட்டின் ஐந்து ஆலைகளை 1915இல் தாமஸ் லீஷ்மன் என்பவர் ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீசு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவற்றுள் மூத்தது 1857இல் தொடங்கியது. பெரும் பீப்பாய்களில் மாட்டுவண்டி ஏறிப் படைமுகாம்களுக்குச் சென்றது அவர்களது பீர். 1947இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். 1978இல் கிங்பிஷர் வந்தது. 2021இல் ஆலாந்து நாட்டு ஐனக்கன் நிறுவனத்தின் கைக்கு ஆட்சி மாறிற்று.

தோப்பி எங்கே போயிற்று? நம்மிடையே குடி பற்றிய பேச்சு நாளடைவில் ஒரே வினாவாகச் சுருங்கியது: கூடுமா, கூடாதா? அவ்வினா தேவையற்றதன்று. வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். இராசாசி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது பல குடும்பங்களில் அடுப்பு எரிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விலக்குக்கும் வருவாய்க்கும் இடையே அரசுகள் ஊசலாடியதில், முதலில் மறைந்தவை மெல்லிய குடிகளே. 1987இல் தமிழ்நாட்டில் கள் தடைசெய்யப்பட்டது. கள்ளினும் பன்மடங்கு கடிய புட்டிச் சரக்கையோ அரசு நிறுவனமே கையாள்கிறது. இதன் நியாயம் எமக்கு விளங்கவில்லை.

இப்பெங்களூரிலேயே 1981 சூலையில் நச்சுச் சாராயம் முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டது. மாண்டோர் ஏழைகள். பலகையில் குவளை வரிசை வைத்து மணம் பார்க்கும் வாய்ப்பு அவர்க்கு இருந்ததில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் வாய்ப்பும் இல்லை. இன்றும் இச்சிற்றாலைகளில் ஒரு குவளையின் விலை கட்டடத் தொழிலாளி ஒருவரின் கூலியில் பெரும்பங்கை விழுங்கிவிடும். வலைஞர் குடிசையில் பிறந்த கலை மாடிமேல் ஏறிக்கொண்டது.

சிறிதளவே கள் கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான், மிகுதியாயின் எம்மோடு பகிர்ந்து மகிழ்வான் என்ற பொருளில் அதியமானை நினைந்து இரங்கினார் ஔவையார். வள்ளுவரோ கள்ளுண்பானைச் சான்றோர் மதியார் என்கிறார். இருவரும் நமக்குரியரே. 2009ஆம் ஆண்டு ஆகத்து 9ஆம் நாள் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை அல்சூர் ஏரிக்கருகில் நிற்கிறது; அங்கிருந்து நூறடிச் சாலை நெடுந்தொலைவன்று.

அச்சாலையின் டாய்ட் என்னும் விடுதியில் பாசுமதி அரிசி சேர்த்து ஒரு பீர் வடிக்கின்றனர். வெளிர்நிறம், மெல்லிய சுவை. அரிசியில் பீரா என்று வியப்போரும் உளர். அடுத்தமுறை பிள்ளைகள் அதனைப் பற்றிப் பேசினால், தோப்பி என்னும் சொல்லையும், இரண்டு பகல் இரண்டு இரவுக் கணக்கையும் அவர்க்குச் சொல்லலாம். இரண்டே நாளில் விளைந்தது இனிப்பு முழுதும் மாறாமல், கலங்கலாக, இலேசான புளிப்போடு இருந்திருக்கும். விரலால் அரித்தமையால் அடியில் மண்டியும் தங்கியிருக்கும்.