ஆறு பெருகும் பாதையில் மோட்டார் வண்டி

புத்தளத்திலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய பாதை, வண்ணாத்திவில்லுவைத் தாண்டியபின் எலுவன்குளத்தில் கலா ஓயாவைக் கடக்கின்றது. நெடுங்காலம் அங்கிருந்தது தாழ்ந்ததொரு சப்பாத்துப் பாலமே. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவாவியின் பக்கத்தில் மழை கொட்டினால், கரையோரத்தில் ஒரு துளி விழாத நாளிலும் அப்பாலம் நீரில் மூழ்கிவிடும். மாரிகாலத்தில் இவ்வழி வந்த சாரதிக்கு இரண்டே வழிகள். ஒன்று, அனுராதபுரம், மதவாச்சி என்று வெகுதூரம் சுற்றிப் போவது; மற்றொன்று, வண்டியை நீரில் இறக்குவது.

நீரில் இறக்குவதில் என்ன அபாயம்? ஒரு கிலோ பெற்றோல் எரிவதற்கு ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். ஆகவே எஞ்சின் ஓயாது காற்றை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். அந்த வாயில் நீர் புகுந்தால் அதையும் உறிஞ்சும். காற்று அழுத்தத்துக்குச் சுருங்கும், நீர் சுருங்காது. மேலெழும் பிஸ்டன் நீரில் மோதி நிற்க, அதனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துபோகும். இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்பின் ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது எஞ்சியிருக்கும் இடம் சுமார் 100 கன சென்டிமீற்றர். அரைக்குவளை நீர் போதும். அதே பருமனுள்ள டீசல் சிலிண்டரிலோ இரண்டு மேசைக்கரண்டி நீரே அதற்குப் போதுமானது.

எனினும் பெற்றோல் வண்டிக்கு ஒரு நல்வினை உண்டு. நீர் காற்றுவாயை எட்டுமுன்பே மின்பொறி வழங்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்து வண்டி நின்றுவிடும். சாரதி சபித்துக்கொள்ளும் அக்கோளாறே பலமுறை எஞ்சினைக் காத்திருக்கின்றது. டீசலுக்கு மின்பொறி வேண்டாம். கடைசி மூச்சுவரை அது ஓடும்.

இதற்கு மாற்றுக் கண்டவர்கள் படையினர். 1944 ஜூன் 6 ஆம் நாள் நோர்மண்டிக் கரையில் இறங்கிய வண்டிகளுக்குக் காற்றுக் குழாயும் புகைக் குழாயும் உயர நீட்டப்பட்டிருந்தன. மின்கருவிகள் பசைபூசி அடைக்கப்பட்டிருந்தன. நீருக்கடியில் எஞ்சின் மூச்சுவிடக் குழாய் வைக்கும் உபாயத்தை 1930களின் பிற்பகுதியிலேயே தம் நீர்மூழ்கிகளில் கையாண்டவர்கள், கற்பிட்டிக் கோட்டையைக் கட்டியோரின் வழிவந்த ஒல்லாந்தர். ஜெர்மானியர் அதனைக் கைப்பற்றி வளர்த்தனர். ஸ்னோர்கெல் என்ற பெயரும் அவர்களிடமிருந்து வந்ததே.

சாதாரண மக்களின் கைமருத்துவம் இதைவிடச் சுவையானது. 1959 இல் வெளிவந்த மினி காரின் வரலாற்றைப் பாருங்கள். அலெக் இசிகோனிஸ் அமைத்த மாதிரி வண்டியில் காபரேற்றர் முன்புறம் இருந்தது. குளிர்காற்றுப் பட்டு அது உறைந்தது. எஞ்சினைத் திருப்பி வைத்தார்கள். காபரேற்றர் தப்பியது, டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கம்பியடைப்பின் பின்னே மழைக்கு எதிராக வந்து நின்றது! பெருமழையில் மினிகள் தெருவோரம் நின்றன. உரிமையாளர்கள் பாத்திரம் துலக்கும் இறப்பர்க் கையுறையை எடுத்து, விரல்நுனிகளை வெட்டி, அதன்மேல் மாட்டிவிட்டார்கள். நான்கு சிலிண்டர்களுக்கு நான்கு கம்பிகள், சுருளிலிருந்து வரும் கம்பி ஒன்று. கையுறைக்கும் விரல்கள் ஐந்து. பொறியியலாளர் தவறவிட்டதை அடுக்களை ஈடுசெய்தது.

இலங்கையில் இத்தகைய உபாயங்களுக்கு இன்னொரு தேவையும் இருந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இன் பின்னரே தளர்ந்தது. அவ்விடைக்காலத்தில் தண்டு வளைந்தால் மாற்றுத் தண்டு தேடி அலைய வேண்டும். ஆகவே ஆற்றில் இறங்குமுன் செய்யக்கூடிய எளிய காரியங்களுக்கு மதிப்பு அதிகம். விசிறிப் பட்டியைக் கழற்றினால் விசிறி நீரை வாரி எஞ்சின்மேல் இறைக்காது. றேடியேற்றரின் முன் சாக்கையோ படங்கையோ கட்டி மெல்ல ஒரே வேகத்தில் ஓட்டினால், முன்னே சிற்றலை எழும். அதன் பின்னே எஞ்சினைச் சூழ்ந்த நீர்மட்டம் தாழும். நடுவில் வேகத்தைக் குறைத்தால் அந்த அலை திரும்பி உள்ளே வரும்.

நின்றுபோன வண்டியை உடனே முடுக்கியவனே பெரும்பாலும் தண்டை வளைத்தவன். விவரமறிந்தவன் கரைக்குத் தள்ளிச்சென்று, பிளக்குகளைக் கழற்றி, கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றினான். பிளக்குத் துளைகளின் வழியே ஆற்றுநீர் பீறிட்டது. அது நின்றபின் எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பார்த்தான். எண்ணெய் பால்நிறமாயிருந்தால் அன்று பயணம் இல்லை.