புல்லட்டின் மூச்சு: கார்புரேட்டரிலிருந்து இன்ஜெக்‌ஷன் வரை

ராயல் என்ஃபீல்டு புல்லட் சென்னைத் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய நாள் முதல் 2008 வரை, அதன் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டியது கார்புரேட்டர்தான். அந்த இடத்துக்கு மின்னணு எரிபொருள் இன்ஜெக்‌ஷன் முழுமையாக வந்துசேர 12 ஆண்டுகள் பிடித்தன. ஐரோப்பாவுக்குப் போன 500 சிசி வண்டிகளில் 2008-இல் தொடங்கிய மாற்றம், உள்நாட்டில் விற்ற 350 சிசி புல்லட்டில் 2020-இல் நிறைவடைந்தது.

புல்லட் இங்கே வந்தது ராணுவத்துக்காக. எல்லைக் காவலுக்கு 1950-களில் இந்திய ராணுவம் புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. இங்கிலாந்தின் ரெடிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ரெடிச் ஆலை 1967-இல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. 1977-இல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. பின்னாளில் இன்ஜெக்‌ஷன் வந்ததற்கான வேர் இந்த ஏற்றுமதியில்தான் இருக்கிறது.

கார்புரேட்டரின் வேலை காற்றோட்டத்தை நம்பியது. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாக உள்ளே பாய்கிறது. அங்கே வேகம் கூடி அழுத்தம் குறைவதால், அடியிலுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்பட்டு, ஜெட் என்னும் நுண்துளை வழியே தூவலாகக் கலக்கிறது. கிண்ணத்தின் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஸ்லைடும் அதோடு சேர்ந்த ஊசியும் மேலேறி வழியைத் திறக்கின்றன. மின்சாரம் தேவையில்லை, தொட்டியிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கிவிடும். பர்மிங்காமின் அமால் கார்புரேட்டரோடு வந்த புல்லட், பிற்காலத்தில் மைக்கார்ப் விஎம் 24 வகைக்கு மாறியது. பெயர் மாறினாலும் கொள்கை அதேதான்.

இந்த எளிமையைச் சுற்றி ஒரு கைத்தொழிலே வளர்ந்தது. புல்லட்டைக் கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. டிகம்ப்ரஷன் லீவரை அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல இறக்கி, லீவரை விட்டு, பிறகு முழு எடையோடு ஒரே உதை. காலையில் சோக் போட வேண்டும். சூடேறியதும் எடுத்துவிட வேண்டும். கலவை சரியா என்பதை மெக்கானிக் ப்ளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். கரிபடிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறம் என்றால் சரி. ஐடிலிங் திருகைக் கால் சுற்று திருப்பிவிட்டுக் காது கொடுத்துக் கேட்கும் அந்த நிதானம், எந்தக் கையேட்டைப் படித்தும் வருவதில்லை. பல ஆண்டுகள் உடனிருந்து பழகிய கைகளுக்கே அது வரும்.

கார்புரேட்டருக்கு ஒரு குறை உண்டு. அதற்குக் காற்றின் கன அளவு தெரியும், அடர்த்தி தெரியாது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வருபவர்கள் புதுச்சேரிப் பகுதிக்குள் நுழையும் கனகசெட்டிக்குளம் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர். அங்கே ட்யூனிங் செய்த வண்டி காற்று அடர்ந்த கடற்கரைச் சாலையில் ஒழுங்காக ஓடும். அதே வண்டியை லடாக்கின் கார்துங் லா கணவாய்க்கு, 5,300 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால், காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஜெட்டின் துளையோ மாறுவதில்லை. காற்று மெலிய, பெட்ரோல் மிஞ்சுகிறது. வண்டி புகை கக்கித் திணறும். சிறிய ஜெட் போட வேண்டும், கீழே வந்ததும் திரும்ப மாற்ற வேண்டும்.

ஆனால் மாற்றத்தைக் கொண்டுவந்தது மலை அல்ல. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெளியேறும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் சேர்த்துக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, காற்றும் பெட்ரோலும் எடையளவில் 14.7-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டி எரிந்தால்தான் திறம்பட வேலை செய்யும். குளிரிலும் வெயிலிலும் ஏற்றத்திலும் நெரிசலிலும் இந்த விகிதத்தைப் பிடித்துவைப்பது கார்புரேட்டருக்கு மிகக் கடினம். ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய சிக்கன எரிப்பு எஞ்சின் சில காலம் ஈடுகொடுத்தது. ஐரோப்பாவின் யூரோ 3 விதிகளுக்கு முன்னால் அதுவும் போதவில்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே உறைக்குள் வைத்த புதிய வடிவம் 2008-இல் வந்தது. ஏற்றுமதிக்கான 499 சிசி வகையில் கெய்ஹின் நிறுவனத்தின் இன்ஜெக்‌ஷன் பொருத்தப்பட்டது. சந்தை தேடிக் கடல் கடந்த வண்டி, அந்தச் சந்தையின் காற்று விதிகளுக்கு ஏற்ப மூச்சுவிடக் கற்றுக்கொண்டது.

உள்நாட்டில் வேறு நிறுவனங்கள் அதற்கு முன்பே முயன்றிருந்தன. ஹீரோ ஹோண்டா 2006-இல் கிளாமர் எஃப்ஐ வண்டியைக் கொண்டுவந்தது. பஜாஜின் பல்சர் 220 இன்ஜெக்‌ஷனோடு 2007-இல் வந்து, 2009-இல் விலையைக் குறைப்பதற்காகக் கார்புரேட்டருக்கே திரும்பியது. ஓசூரின் டிவிஎஸ் 2008-இல் அப்பாச்சியில் இன்ஜெக்‌ஷன் கொடுத்தது. சட்டம் கட்டாயப்படுத்தாதவரை இந்திய வாடிக்கையாளர் இதற்குக் கூடுதல் பணம் தரத் தயாராக இல்லை என்பதைப் பல்சரின் திரும்புதல் தெளிவாகவே காட்டிவிட்டது.

இன்ஜெக்‌ஷனில் வேலை இரண்டாகப் பிரிகிறது. த்ராட்டில் பாடி காற்றை மட்டும் விடுகிறது. பெட்ரோலைத் தொட்டிக்குள் இருக்கும் மின்பம்பு சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ள, இன்ஜெக்டர் சில மில்லி விநாடிகள் திறந்து மூடித் தூவுகிறது. எத்தனை மில்லி விநாடி என்பதை இசியு என்ற சிறு கணினி முடிவுசெய்கிறது. கிராங்க் சுழலும் வேகம், த்ராட்டிலின் திறப்பு, உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தமும் வெப்பமும், எஞ்சின் சூடு ஆகியவற்றைச் சென்சார்கள் சொல்கின்றன. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்தது சரியாக எரிந்ததா என்று திருப்பிச் சொல்கிறது. ப்ளக்கின் நிறத்தைப் பார்த்து மெக்கானிக் செய்த கணிப்பை, இந்தச் சென்சார் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்கிறது. மலையேறினாலும் ஜெட் மாற்ற வேண்டியதில்லை.

இந்தியச் சாலைக்கு இது 2009 நவம்பரில் கிளாசிக் 500 வழியாக வந்தது. அதே எஞ்சின் குடும்பத்தின் கிளாசிக் 350-க்குக் கார்புரேட்டர்தான் கொடுத்தார்கள். 2011-இல் வந்த புல்லட் 500-கூடக் கார்புரேட்டரோடுதான் வந்தது. ஆகவே ஒரே ஷோரூமில் இரண்டு காலங்களும் பல ஆண்டுகள் அருகருகே நின்றன. பழக்கங்களும் மாற வேண்டியிருந்தன. பழைய வண்டியில் பெட்ரோல் தீர்ந்தால் டேப்பை ‘ரிசர்வ்’ பக்கம் திருப்பிவிட்டு பங்க் வரை போய்விடலாம். புதியதில் எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். தொட்டியை வற்றவிட்டால் பம்பு சூடேறிக் கெடும். கிக்கர் இருந்தும், பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் பம்பு ஓடாது, இசியு விழிக்காது, எத்தனை உதைத்தாலும் பயனில்லை. புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று மின் இணைப்புகளில் பச்சைப் பூச்சை உண்டாக்கும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்த கைகள் இப்போது கனெக்டர்களைத் துடைக்கப் பழகின.

இந்தியாவின் புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ் 4 இரு சக்கர வண்டிகள் அனைத்துக்கும் 2017 ஏப்ரலில் கட்டாயமானது. அந்த ஆண்டில் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் வண்டி கார்புரேட்டரைக் கைவிட்டது. 350 சிசி வகைகள் இன்னும் தாக்குப்பிடித்தன. பிஎஸ் 4 வண்டிகளை 2020 மார்ச் 31-க்குப் பிறகு விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. 2020-இன் தொடக்கத்தில் கிளாசிக் 350-உம், அடுத்து புல்லட் 350-உம் பிஎஸ் 6 இன்ஜெக்‌ஷன் வண்டிகளாக வந்தன. இன்ஜெக்‌ஷனை முதலில் ஏற்ற 500 சிசி எஞ்சின் அதே வேளையில் உற்பத்தியிலிருந்து விடைபெற்றது.

புதிய அமைப்பு வண்டியின் பழைய தோற்றத்தைக் கெடுத்துவிடுமோ என்ற கவலை வெளிநாட்டிலும் இருந்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் 2008-இல் போன்வில் வண்டிக்கு இன்ஜெக்‌ஷன் கொடுத்தபோது, த்ராட்டில் பாடியையே பழைய கார்புரேட்டர் போல வார்த்தது. பழமையை நேசிப்பவர்களின் மனத்தை மதித்த செயல் அது.

வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட்டை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்ற விரும்புவோரும் உண்டு. தொழில்நுட்பத்தில் அது இயலாததல்ல. ஆனால் கார்புரேட்டரைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவதோடு வேலை முடியாது. பழைய வண்டிகளின் 6 வோல்ட் மின்சாரம் பம்புக்கும் கணினிக்கும் போதாது. 12 வோல்ட்டும் நிலையான சார்ஜிங்கும் வேண்டும். கிராங்கின் நிலையைச் சொல்ல ஒரு சென்சார் வளையம், தொட்டியில் உயரழுத்தப் பம்பு, புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சாருக்கு இடம், இவற்றுக்கெல்லாம் மேலாக அந்த எஞ்சினுக்கென்றே உட்கார்ந்து எழுத வேண்டிய எரிபொருள் கணக்கு அட்டவணை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையும் நினைவில் கொள்ள வேண்டும். பதிவுச் சான்றிதழ் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்ற அது அனுமதிப்பதில்லை. இத்தனை சிரமத்துக்கும் செலவுக்கும் பிறகு கிடைக்கும் லாபம், சமவெளியில் மட்டுமே ஓடும் ஒரு பழைய வண்டிக்கு மிகச் சிறியது. நல்ல நிலையிலுள்ள பழைய புல்லட்டில் கார்புரேட்டர் இருப்பதே பொருத்தம்.

அதற்கும் இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்து, இப்போது பரவலாகிவிட்டது. எத்தனாலில் ஆக்சிஜன் அடங்கியிருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிகிறது. ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி அதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு ஒரு படி பெரிய ஜெட்டும், எத்தனாலைத் தாங்கும் ரப்பர் குழாய்களும் சீல்களும் தேவைப்படலாம். பழைய புல்லட்டை வைத்திருப்பவர்கள் அடுத்த சர்வீசிலேயே ப்ளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்துவிடுவது நல்லது.