காந்தம் நகர்கிறதா, சுருள் நகர்கிறதா

பிளஸ் டூ படித்தபோது எங்கள் வகுப்பு ஜன்னலில் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். காலையில் பெஞ்சைத் துடைத்தால் விரலில் சாம்பல் ஒட்டும். அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் சார் ஃபாரடே விதியை போர்டில் எழுதினார். "காந்தத்தை ஆட்டினாலும் அதே வோல்டேஜ், சுருளை ஆட்டினாலும் அதே வோல்டேஜ். அப்புறம் ஏன் சார் ரெண்டுக்கும் வேற வேற காரணம் சொல்றாங்க?" என்று கேட்டேன். "பரீட்சைக்கு இது போதும்பா" என்றார். ரொம்ப நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

கேள்வி பழையது. 1831 அக்டோபர் 17 அன்று ஃபாரடே சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து மின்சாரம் கண்டார். பதினோரு நாள் கழித்து, காந்தத்தை அசையாமல் வைத்து, செம்புத் தட்டைச் சுழற்றி மறுபடி கண்டார். ஒரே விளைவுக்கு எதற்கு இரண்டு விளக்கம் என்ற உறுத்தலோடுதான் ஐன்ஸ்டைனின் 1905 சார்பியல் கட்டுரை தொடங்குகிறது.

வடசென்னைக்காரனுக்கு இந்த இரண்டும் ஊர்ச் சமாச்சாரம். துறைமுகப் பக்கம் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது, 1953-ல் நின்றது. டிராம் மோட்டாரில் காந்தம் நிற்கும், சுருள் சுற்றும். 1970-ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் நிலையத்தில் எல்லாம் தலைகீழ்: மின்காந்தம் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும், சுருள் நிற்கும். அவ்வளவு பெரிய மின்னோட்டத்தை, சுற்றும் சுருளிலிருந்து பிரஷ் வைத்து எடுப்பது நடக்கிற காரியமில்லை. ஐந்து அலகு, 450 மெகாவாட். 2017-ல் மூடினார்கள். இதையெல்லாம் ஜன்னலைக் காட்டியே சொல்லியிருக்கலாம்.

ஆனால் சாருக்கு யார் சொன்னார்கள்? 1956-ல் எம்.ஐ.டி.யில் ஜெரால்ட் ஜக்காரியாஸ் தொடங்கிவைத்த பி.எஸ்.எஸ்.சி. இயற்பியல் திட்டம், ஸ்புட்னிக் பயத்தில் வேகம் பிடித்தது. அந்த அலையில்தான் 1963 முதல் அமெரிக்க உதவியோடு இந்தியாவில் அறிவியல் ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிலரங்குகள் நடந்தன. பனிப்போர்க் கணக்கு அதில் இருந்தது, மறுக்கவில்லை. இருந்தாலும் லீவு நாளில் ஆசிரியரைப் பெஞ்சில் உட்காரவைத்து, பாடத்தையே மறுபடி யோசிக்கவைப்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. சார் வேலைக்குச் சேர்ந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். அவருக்குக் கிடைத்த பயிற்சிகள் புதுப் புத்தகத்தை எப்படி நடத்துவது, ரெஜிஸ்டரை எப்படி நிரப்புவது என்பதோடு சரி. பின்னாளில் அவரே சொன்னார்.

போன வருஷம் திருவொற்றியூரில் ஏழெட்டு ஆசிரியர்களோடு ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தோம். ரிட்டயர் ஆன சாரும் வந்து கடைசி பெஞ்சில் இருந்தார். அலுமினியக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டேன். அது ஆடி அசைந்து இறங்கியது. மாக்ஸ்வெல் சமன்பாடுகளை எழுதத் திரும்பினேன்.

"இருப்பா," என்றார் சார். "காந்தத்தைப் பிடிச்சிக்கிட்டுக் குழாயை விட்டா? குழாய்க்குள்ள ஒரு எறும்பு இருந்தா, காந்தம்தான் மேல போகுதுன்னு சொல்லும், இல்லையா?"

காந்தத்தை நூலில் கட்டிக் குழாய்க்குள் தொங்கவிட்டேன். குழாயைச் சார் பிடித்திருந்தார். விட்டதும் நூல் என் விரலைச் சுண்டிக் கீழே இழுத்தது. "இன்னொரு தடவை," என்று சொல்லிக் குழாயை எடுக்கக் குனிந்தார்.