இங்கிலாந்தில் சமூகப் பராமரிப்புக் கட்டணம்: வரலாறும் கணக்கும்

இங்கிலாந்தில் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால் தேசிய சுகாதார சேவை கட்டணம் வாங்காமல் மருத்துவம் பார்க்கிறது. அதே தெருவில் இன்னொருவருக்கு மறதிநோய் முற்றி, குளிக்கவும் உடுத்தவும் உண்ணவும் வேறொருவர் கை தேவைப்பட்டால், அந்த உதவிக்குக் கட்டணம் உண்டு. முன்னது மருத்துவம், பின்னது சமூகப் பராமரிப்பு. மருத்துவத்திற்கான செலவு நாட்டின் பொது வரிப்பணத்திலிருந்து வருகிறது. சமூகப் பராமரிப்போ உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பு. பயனாளியின் வருமானத்தையும் சேமிப்பையும், சில வேளைகளில் வீட்டின் மதிப்பையும் கணக்கிட்டுப் பார்த்த பிறகே அவர் எவ்வளவு தர வேண்டும் என்று கவுன்சில் முடிவு செய்கிறது. முதியோர், உடல் ஊனமுற்றோர், மனவளர்ச்சி குன்றியோர் எனப் பதினெட்டு வயதைக் கடந்த அனைவருக்கும் இந்த முறை பொருந்தும். இந்தப் பிரிவினை 1948 ஆம் ஆண்டில் உருவானது. ஆனால் அதன் வேர்கள் அதற்கு மூன்றரை நூற்றாண்டுகள் முந்தியவை.

ஏழையர் சட்டக் காலம்

முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1601 இல் இயற்றப்பட்ட ஏழையர் சட்டம், உழைக்க இயலாத முதியோரையும் ஊனமுற்றோரையும் காக்கும் கடமையை ஒவ்வொரு தேவாலயப் பங்கின் மீதும் சுமத்தியது. அதற்காக உள்ளூர் வரி வசூலிக்கப்பட்டது. ஆனால் பங்கின் பணம் கடைசி வழியாகவே இருந்தது. பெற்றோர், பாட்டன் பாட்டி, பிள்ளைகள் ஆகியோர் ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்று அதே சட்டம் விதித்தது. வசதியுள்ள மகன் இருந்தால் தாயின் செலவை அவன் ஏற்க வேண்டும்.

1834 இல் வந்த திருத்தச் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. உதவி வேண்டுவோர் உழைப்பு இல்லத்திற்குள் வர வேண்டும் என்பது கொள்கையாயிற்று. அங்குள்ள வாழ்க்கை வெளியிலுள்ள மிக ஏழைத் தொழிலாளியின் வாழ்க்கையைவிட மேலானதாக இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. சோம்பேறிகளை விரட்டுவதற்காக வகுக்கப்பட்ட இந்த விதி, நடைமுறையில் போக்கிடமற்ற கிழவர்களையும் கிழவிகளையுமே அதிகம் தாக்கியது. உழைப்பு இல்லத்தில் சாவதைப் பற்றிய அச்சம் ஆங்கிலேயத் தொழிலாளர் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நீடித்தது.

1930 இல் இந்த இல்லங்கள் கவுன்சில்களின் கைக்கு மாறின. அடுத்த ஆண்டே, பொருளாதார மந்தத்தின் நடுவே, வேலையற்றோர் உதவிக்குக் குடும்ப வசதி ஆய்வு கொண்டுவரப்பட்டது. அதிகாரி வீட்டுக்கு வந்து, ஒரே கூரையின் கீழ் வாழும் அனைவருடைய வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பார். மகள் கடையில் வாங்கும் சம்பளம் தந்தையின் உதவித்தொகையைக் குறைக்கும். இதனால் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. இரண்டாம் உலகப்போரின் போது, 1941 இல், இந்த முறை கைவிடப்பட்டது. அது விட்டுச் சென்ற கசப்பு மட்டும், வசதி ஆய்வு என்ற சொல்லோடு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1948 ஜூலை 5

தேசிய சுகாதார சேவையும் தேசிய உதவிச் சட்டமும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. இரண்டையும் நாடாளுமன்றத்தில் முன்னின்று நிறைவேற்றியவர் சுகாதார அமைச்சர் அனூரின் பெவன். ஏழையர் சட்டம் இனி இல்லை என்று தேசிய உதவிச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே அறிவித்தது. உறவினர் பொறுப்பும் சுருங்கியது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் பொறுப்பு, பெற்றோர் சிறு பிள்ளைகளுக்குப் பொறுப்பு. வளர்ந்த பிள்ளைகளிடம் பெற்றோரின் பராமரிப்புச் செலவைக் கேட்கும் உரிமை அரசுக்கு இல்லாமல் போயிற்று.

ஆனால் கட்டணம் ஒழியவில்லை. பெவனின் பார்வையில் புதிய முதியோர் இல்லம் ஒரு சிறிய விடுதி போன்றது. விடுதியில் தங்குபவர் வாடகை தருவது போல முதியவரும் தருவார். தருவதால் அவர் தருமம் வாங்குபவர் ஆகமாட்டார், விருந்தாளியாக இருப்பார். கட்டணத்தை அவர் இழிவாக எண்ணவில்லை. தன்மானத்தின் அடையாளமாகவே முன்வைத்தார்.

கணக்கு எளிமையாக இருந்தது. தனி நபரின் அரசு ஓய்வூதியம் அன்று வாரத்துக்கு 26 சில்லிங். அதில் 21 சில்லிங் இல்லத்துக்கு. மீதி 5 சில்லிங் முதியவரின் கைச்செலவுக்கு. அதற்கு மேல் வசதி உள்ளவர் மேலும் தர வேண்டும், முழுச் செலவு வரை. இந்த 5 சில்லிங்கே இன்றைய 'சொந்தச் செலவுப் படி'யின் மூதாதை. அன்று அது ஓய்வூதியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 2024-25 நிதியாண்டில் அந்தப் படி வாரத்துக்கு 30.15 பவுண்டு, புதிய அரசு ஓய்வூதியத்தின் முழுத்தொகை 221.20 பவுண்டு. பங்கு 14 விழுக்காட்டை எட்டவில்லை. சோப்பு, செருப்பு, பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

விடுதிக் கனவு மெதுவாகவே நனவாயிற்று. புதிய கட்டடங்களுக்குப் பணம் இல்லை. பழைய உழைப்பு இல்லங்களே பெயர் மாறித் தொடர்ந்தன. சமூகவியலாளர் பீட்டர் டவுன்செண்ட் 1950களின் இறுதியில் 173 இல்லங்களை நேரில் பார்த்து எழுதிய நூல் 1962 இல் வெளிவந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. பல ஊர்களில் பழைய உழைப்பு இல்லத்தின் மருத்துவப் பகுதி சுகாதார சேவைக்கும், தங்கும் பகுதி கவுன்சிலுக்கும் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரே வளாகத்தில், சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கு எல்லாம் இலவசம், அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கட்டணம். யார் நோயாளி, யார் வெறுமனே தளர்ந்தவர் என்பதைத் தீர்மானிப்பதே பணத்தைத் தீர்மானிப்பதாயிற்று.

1980களின் திருப்பம்

1980 இல் உதவித்தொகை விதிகள் மாற்றப்பட்டன. தனியார் இல்லத்தில் சேரும் வறிய முதியவரின் கட்டணத்தைச் சமூகப் பாதுகாப்புத் துறையே செலுத்தலாயிற்று. அவருக்கு இல்லம் உண்மையில் தேவையா என்று யாரும் ஆராயவில்லை. வருமானம் குறைவா என்று மட்டுமே பார்த்தார்கள். வீட்டிலிருந்தே உதவி பெற்றால் கவுன்சிலுக்குச் செலவு. இல்லத்தில் சேர்ந்தால் மத்திய அரசின் செலவு. விளைவை ஊகிப்பது கடினமல்ல. 1979 இல் ஏறக்குறைய 1 கோடி பவுண்டாக இருந்த இந்தச் செலவு பத்தே ஆண்டுகளில் 100 கோடியைத் தாண்டியது. தனியார் முதியோர் இல்லங்கள் ஒரு பெருந்தொழிலாக எழுந்தது இந்தக் காலத்தில்தான்.

1988 இல் சர் ராய் கிரிஃபித்ஸ் அளித்த அறிக்கையும், அதையொட்டி 1990 இல் வந்த சட்டமும் இந்தக் குழாயை அடைத்தன. 1993 ஏப்ரல் முதல் தேவையை மதிப்பிடுவதும், பணத்தை ஒதுக்குவதும், கட்டணம் வசூலிப்பதும் கவுன்சிலின் வேலையாயின. இல்லங்களுக்கு நாடு முழுவதும் ஒரே கணக்கு முறை விதிக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்து செய்யும் உதவிக்கு அப்படி ஒரு முறை இல்லை. தமக்கு நியாயமாகத் தோன்றும் கட்டணத்தை வாங்கலாம் என்று 1983 ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்களிடம் விட்டிருந்தது. ஒரு கவுன்சில் எதுவும் வாங்காது. பக்கத்துக் கவுன்சில் ஏழை, பணக்காரர் பாராமல் ஒரே தொகை வாங்கும். ஒரே நோய், ஒரே வருமானம் உள்ள இருவர் எல்லைக்கோட்டின் இருபுறமும் வேறுவேறு தொகை செலுத்தினர். 2001 இல் அரசு வெளியிட்ட வழிகாட்டுதலே முதன்முதலாக ஓர் அடிமட்டத்தை வரைந்தது: கட்டணம் செலுத்திய பிறகு, அடிப்படை உதவித்தொகையும் அதன் மேல் 25 விழுக்காடும் பயனாளியின் கையில் மிஞ்ச வேண்டும்.

எது மருத்துவம், எது பராமரிப்பு என்ற பழைய கேள்வி 1999 இல் நீதிமன்றம் ஏறியது. 1971 இல் சாலை விபத்தில் கடுமையாகக் காயமுற்ற பமீலா காக்லன், எக்சிட்டர் நகரிலுள்ள சுகாதார சேவை இல்லம் ஒன்றில் வாழ்ந்துவந்தார். அது அவருடைய வாழ்நாள் வீடு என்று அதிகாரிகள் வாக்களித்திருந்தனர். பின்னர் இல்லத்தை மூடி, அவரைக் கவுன்சிலின் பொறுப்புக்கு மாற்ற முயன்றனர். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அனுமதிக்கவில்லை. தங்குமிடத்தோடு துணையாக வரும் அளவுக்கான செவிலியர் பணியை மட்டுமே கவுன்சில் ஏற்கலாம், அதற்கு மேற்பட்டது சுகாதார சேவையின் கடமை என்று தீர்ப்பு சொன்னது. இன்று இங்கிலாந்தில் 'தொடர் சுகாதாரப் பராமரிப்பு' என்ற பெயரில் முழுச் செலவையும் சுகாதார சேவை ஏற்கும் முறை இந்தத் தீர்ப்பின் மீது நிற்கிறது. அந்தத் தகுதி கிடைப்பதற்காகக் குடும்பங்கள் நடத்தும் போராட்டங்கள் தனிக்கதை.

இன்றைய கணக்கு

2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் பழைய சட்டங்களைத் திரட்டி ஒன்றாக்கியது. அதன்படி முதலில் தேவை மதிப்பீடு, பிறகே வசதி மதிப்பீடு. சேமிப்பும் சொத்தும் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் பொதுவாக முழுச் செலவும் பயனாளியுடையது. 14,250 பவுண்டுக்குக் கீழே இருந்தால் அந்தச் சேமிப்பு கணக்கில் வராது. வருமானம் மட்டும் பார்க்கப்படும்.

இரண்டுக்கும் இடையே இருப்பவர்களுக்கான விதி வினோதமானது. கீழ் வரம்புக்கு மேலுள்ள ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரத்துக்கு 1 பவுண்டு வருமானம் வருவதாகக் கொள்ளப்படும். 18,000 பவுண்டு வைத்திருப்பவருக்குக் கீழ் வரம்பைத் தாண்டிய தொகை 3,750. எனவே வாரத்துக்கு 15 பவுண்டு 'வருமானம்'. 250 பவுண்டுக்கு ஆண்டுக்கு 52 பவுண்டு என்றால் வட்டி 20 விழுக்காட்டுக்கும் மேல். இப்படி வட்டி தரும் வங்கி எந்த ஊரிலும் இல்லை. சேமிப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கச் செய்வதே இந்த விதியின் உண்மையான வேலை.

வீட்டிலிருந்தே உதவி பெறுபவருக்கு, அவர் குடியிருக்கும் வீட்டின் மதிப்பு சேராது. நிரந்தரமாக இல்லத்தில் சேர்ந்தால் சேரும். கணவனோ மனைவியோ, 60 வயதைக் கடந்த உறவினரோ அங்கே தொடர்ந்து வாழ்ந்தால் விலக்கு உண்டு. முதல் 12 வாரங்களுக்கும் வீடு கணக்கில் வராது. அதன் பிறகு, வீட்டை உடனே விற்காமல் கட்டணத்தைக் கவுன்சிலிடம் கடனாக ஏற்றி, இறந்த பின் வீட்டை விற்றுத் தீர்க்கும் ஒப்பந்தமும் உண்டு. கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கத்தோடு சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றினால், மாற்றாதது போலவே கவுன்சில் கணக்கிடலாம்.

வருமானப் பக்கத்தில், வேலை செய்து ஈட்டும் சம்பளம் சேர்க்கப்படுவதில்லை. ஓய்வூதியமும் பெரும்பாலான உதவித்தொகைகளும் சேர்க்கப்படும். வீட்டில் வாழ்பவருக்குக் குறைந்தபட்ச வருமான உறுதி என ஒரு தொகை கழிக்கப்படும். கூடுதல் சலவை, கூடுதல் வெப்பமூட்டல், தனி உணவு போன்ற, ஊனத்தால் வரும் செலவுகளும் கழிக்கப்பட வேண்டும். ஓய்வூதிய வயதைக் கடந்த தனி நபருக்கான உறுதித் தொகை 2015 முதல் 2022 வரை 189 பவுண்டிலேயே நின்றது. விலைவாசி நிற்கவில்லை.

சம்பளத்தை விட்டுவிட்டு உதவித்தொகையைச் சேர்க்கும் இந்த ஏற்பாடு 2020 இல் கேள்விக்குள்ளாயிற்று. கட்டணத்தை உயர்த்திய நோர்ஃபோக் மாவட்டக் கவுன்சிலின் முறை, வேலை செய்யவே இயலாத கடும் ஊனமுற்றோரிடம் அவர்களுடைய வருமானத்தில் அதிகப் பங்கை எடுக்கிறது. இது பாகுபாடு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வராத உச்சவரம்பு

மனிதர் தம் வாழ்நாளில் செலுத்தும் மொத்தத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்று 2011 இல் பொருளியலாளர் ஆண்ட்ரூ டில்நாட் தலைமையிலான ஆணையம் பரிந்துரைத்தது. 65 வயதுடையோரில் பத்தில் ஒருவருக்கு 1 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவாகும் என்று அது கணித்தது. யார் அந்த ஒருவர் என்று முன்கூட்டித் தெரியாது. தனியார் காப்பீடும் கிடைக்காது. எனவே ஏறக்குறைய 35,000 பவுண்டுக்கு மேல் அரசு ஏற்க வேண்டும், சொத்து வரம்பை 1 லட்சமாக்க வேண்டும் என்றது ஆணையம்.

2014 ஆம் ஆண்டுச் சட்டம் கொள்கையை ஏற்றது. ஆனால் தொகை 72,000 ஆயிற்று. 2016 இல் தொடங்க வேண்டியது 2020 க்குத் தள்ளிப்போய், பிறகு கைவிடப்பட்டது. 2017 தேர்தலில் தெரசா மே, வீட்டிலிருந்தே உதவி பெறுவோரின் வீட்டு மதிப்பையும் கணக்கில் சேர்க்கப்போவதாக அறிவித்தார். எதிராளிகள் அதற்கு 'மறதிநோய் வரி' என்று பெயரிட்டனர். நான்கே நாளில் அவர் பின்வாங்க நேர்ந்தது, பெரும்பான்மையையும் இழந்தார். 2021 இல் போரிஸ் ஜான்சன் அரசு 86,000 பவுண்டு உச்சவரம்பை அறிவித்தது. கவுன்சில் தரும் பங்கு அந்த வரம்புக்குள் எண்ணப்படாது என்ற திருத்தம் பின்னர் வந்தது. விலை குறைந்த வீடுகளை வைத்திருக்கும் எளியோரையே அது அதிகம் பாதிக்கும் என்று விமர்சனம் எழுந்தது. 2023 அக்டோபரில் வரவிருந்த அந்த உச்சவரம்பு 2025 க்குத் தள்ளப்பட்டது. 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை முற்றாக ரத்து செய்தார்.

அண்டை நாடுகள் காத்திருக்கவில்லை. ஸ்காட்லாந்து 2002 ஜூலை முதல் 65 வயதைக் கடந்தோருக்கும், 2019 ஏப்ரல் முதல் அதற்குக் கீழ்ப்பட்ட வயதினருக்கும் உடல்சார் பராமரிப்பை இலவசமாக்கியது. வேல்ஸ் வீட்டு உதவிக்கான வாரக் கட்டணத்துக்கு ஓர் எல்லை விதித்து, இல்லங்களுக்கான சொத்து வரம்பையும் 50,000 பவுண்டாக உயர்த்தியது. இங்கிலாந்துக்குள்ளேயே லண்டனின் ஹாமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹாம் கவுன்சில் 2015 முதல் வீட்டு உதவிக்குக் கட்டணம் வாங்குவதில்லை. கட்டணம் வாங்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, வாங்கியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை.

2025 ஜனவரியில் பாரனஸ் லூயிஸ் கேசி தலைமையில் மேலும் ஓர் ஆணையம் அறிவிக்கப்பட்டது. அதன் இறுதி அறிக்கைக்கு 2028 வரை கால அவகாசம் தரப்பட்டுள்ளது. 23,250 பவுண்டு என்ற மேல் வரம்பு விதிக்கப்பட்டது 2010 ஏப்ரலில். ஆணையம் அறிவிக்கப்பட்ட போதும் அது அதே தொகையாகவே இருந்தது.